மலை மேய்ச்சல் மாடுகளில் அனாப்ளாஸ்மா நோய்: எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது

நீலகிரியில் ஊட்டி, கோத்தகிரி, குந்தா பக்கம் மேய்ச்சலுக்குப் போகும் கலப்பினக் கறவை மாடு ஒன்று திடீரென்று பால் குறைந்து, கண் வெளுத்து, மற்ற மாடுகளுக்குப் பின்னால் தங்கி நிற்கிறது என்று போன் வந்தால், கால்நடை மருத்துவனான எனக்கு முதலில் தோன்றுவது அனாப்ளாஸ்மாதான். உண்ணி வழியாகப் பரவும் பாக்டீரியா இது. ரத்தச் சிவப்பணுவுக்குள் புகுந்து பெருகும். அப்படிப் பாதித்த அணுக்களை மாட்டின் மண்ணீரலே பிடித்து அழிக்கும். ரத்தம் குறைவது இதனால்தான்.

மருந்து பழையது, விலை குறைவு, எந்தக் கால்நடை மருந்தகத்திலும் இருக்கிறது. அப்படியும் மாடுகள் சாகின்றன. நான் பார்த்த சாவுகளில் பெரும்பாலானவை வேலையின் வரிசை மாறிப்போனதால் வந்தவை: ரத்தம் எடுக்கும் முன் ஊசி போட்டது, ஊசிக்காக மாட்டை மேடேற்றி நடத்திக் கூட்டி வந்தது, மாடு எழுந்ததும் உண்ணியை மறந்தது. அதனால் இந்த வழிகாட்டியை அந்த வரிசைப்படியே எழுதுகிறேன்.

பெயர்க் குழப்பம் ஒன்று உண்டு. செய்தித்தாளில் மனிதர்களுக்கு வருவதாக எழுதும் ‘உண்ணிக் காய்ச்சல்’ வேறு நோய். அது ஒருவகைச் சிறு பூச்சியின் இளம் பருவம் கடிப்பதால் வருவது. மாட்டின் அனாப்ளாஸ்மா மனிதருக்குத் தொற்றாது.

1. நோய் வரும் முன்பே வீட்டில் இருக்க வேண்டியவை

டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று, அதன் நுனியில் கட்டிய நூல் (உள்ளே போய்விட்டால் இழுக்க). அங்குல டேப் ஒன்று. கையுறை. ஒரு கண்ணாடி பாட்டில், சிறுநீர் பிடித்துப் பார்க்க. அப்புறம் ஒரு நோட்டு.

இதில் நோட்டைத்தான் யாரும் வைத்திருப்பதில்லை. நோய்க்கிருமி உடம்பில் நுழைந்து நோய் தெரிய ஒரு வாரம் முதல் இரண்டு மாதம் வரை ஆகலாம். பெரும்பாலும் மூன்று, நான்கு வாரம். எனவே இன்று படுத்த மாட்டுக்குக் காரணம் போன மாதத்தில் இருக்கிறது. புது மாடு வந்த தேதி, தடுப்பூசி போட்ட தேதி, காதில் வில்லை குத்திய தேதி, மேய்ச்சல் இடம் மாற்றிய தேதி, உண்ணி மருந்தின் பெயரும் தேதியும் எழுதியிருந்தால், நோய் எங்கிருந்து வந்தது என்று பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

கால்நடை ஆம்புலன்சுக்கு 1962 என்ற எண். மலையில் வண்டி வர நேரம் ஆகும். அதனால் ‘மாடு படுத்த பிறகு பார்க்கலாம்’ என்று காத்திருக்க வேண்டாம்.

2. மாட்டை நடத்தாதீர்கள்

இதை இரண்டாவதாக வைத்திருக்கிறேன் என்றாலும், மாடு சோர்ந்து நிற்பதைப் பார்த்த கணமே செய்ய வேண்டியது இதுதான்.

ரத்தம் குறைந்த மாட்டுக்கு உடம்பெங்கும் ஆக்சிஜன் பஞ்சம். ஊட்டி உயரத்தில், அதாவது சுமார் 2,240 மீட்டரில், காற்றழுத்தம் சமவெளியைவிடக் கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு. சமவெளியில் அதே அளவு ரத்தம் உள்ள மாடு தாங்கும் நடையை மலை மாடு தாங்காது. சரிவில் ஒரு பர்லாங்கு ஏற்றினால் விழுந்து செத்துவிடும். மருந்தகத்து வாசலில், ஊசி போடும் முன்பே விழுந்த மாடுகளை நான் பார்த்திருக்கிறேன். வீட்டுக்காரர்கள் ஊசியால் செத்தது என்றார்கள். நடையால் செத்தது.

மேயும் இடத்திலேயே நிழலில் கட்டுங்கள். தண்ணீரை அங்கே கொண்டுபோங்கள். மருத்துவரை மாட்டிடம் வரச் சொல்லுங்கள். இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால், வண்டியைப் பக்கத்தில் கொண்டுவந்து மெதுவாக ஏற்றுங்கள். நாயை விட்டு விரட்டுவதும் நான்கு பேர் சேர்ந்து மடக்குவதும் கூடவே கூடாது.

ஒரு எச்சரிக்கை. மூளைக்கு ஆக்சிஜன் போதாமல் சாதுவான மாடுகூட முட்ட வரும். அதைப் பார்த்து ‘வெறிநோய்’ என்று பயந்துவிடுகிறார்கள். அப்படியும் இருக்கலாம் என்பதால் வாய்க்குள் வெறும் கையை விடாதீர்கள். ஆனால் கண் வெளுத்திருந்தால் ரத்தப் பரிசோதனையை விட்டுவிடவும் கூடாது.

3. காய்ச்சல், கண், சாணம், சிறுநீர்: இதே வரிசையில்

முதலில் வெப்பம். மாடு அசைந்தாலே உடல் சூடு கூடும். அதனால் மற்றதைத் தொடும் முன் இதைப் பாருங்கள். ஆசனவாய்க்குள் விட்ட தெர்மாமீட்டர் குடலின் சுவரைத் தொட வேண்டும். சாணத்துக்குள் குத்தி நின்றால் குறைவாகக் காட்டும். நலமாக உள்ள மாட்டுக்கு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். அனாப்ளாஸ்மாவில் தொடக்கத்தில் 104 முதல் 106 வரை போகும். சாவுக்கு முன்னால் சாதாரண அளவுக்கும் கீழே இறங்கிவிடும். மூன்று நாளாகத் தீனி எடுக்காத மாட்டுக்கு 100 டிகிரி இருப்பதைப் பார்த்து ‘காய்ச்சல் விட்டுவிட்டது’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அடுத்து கண் இமையைக் கீழே இழுத்து உட்புறத்தைப் பாருங்கள். ஈறையும், பசுவானால் அறையின் (பிறப்புறுப்பின்) உட்புறத்தையும் பாருங்கள். முதலில் வெளுப்பு, சில நாள் கழித்து மஞ்சள். பக்கத்தில் நலமாக உள்ள ஒரு மாட்டின் கண்ணையும் பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள். தனியாகப் பார்த்தால் வெளுப்பா இல்லையா என்று கண் ஏமாற்றும்.

சாணம் பெரும்பாலும் கட்டியாக, காய்ந்து, கறுத்திருக்கும். சினை மாடு கன்று வீசிவிடவும் கூடும்.

கடைசியாகச் சிறுநீர். மலையில் குழப்பம் அதிகம் என்பதால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன். அனாப்ளாஸ்மாவில் சிறுநீர் சிவக்காது. அணுக்கள் மண்ணீரலில் அழிகின்றன, ரத்தக் குழாய்க்குள் உடைவதில்லை. அதனால் சிவப்பு நிறம் சிறுநீருக்கு வராது. அடர் மஞ்சளாக இருக்கலாம். காபி நிறத்தில் போனால் அது பெரும்பாலும் பபேசியா. அதுவும் உண்ணியால் வருவதே, ஆனால் கிருமி வேறு, மருந்தும் வேறு.

நீலகிரியில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. புல்வெளியில் பெரணியை நாள்கணக்கில் மேய்ந்த மாடுகளுக்குச் சிறுநீர்ப்பையில் புண்ணும் கட்டியும் வந்து ரத்தம் போகும். அதிலும் மாடு வெளுக்கும். இரண்டையும் பிரித்தறியச் சுலபமான வழி உண்டு. சிறுநீரைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து இரண்டு, மூன்று மணி நேரம் அசையாமல் வையுங்கள். சிவப்பு அடியில் தங்கி மேலே தெளிந்தால் அது முழு ரத்தம், பெரணியின் வேலையாக இருக்கலாம். மேலிருந்து கீழ்வரை ஒரே நிறமாக நின்றால் அணு உடைந்து வந்த நிறம், பபேசியாவை நினைக்க வேண்டும்.

மஞ்சள் கண்ணுக்கும் ஒரு போலி இருக்கிறது. உண்ணிச்செடி தின்ற மாட்டுக்கும் கண் மஞ்சளாகும், சாணம் கட்டும். சீகூர்ப் பக்கத்துக் கீழ்ச்சரிவுகளில் இது சகஜம். அந்த மாட்டுக்கு மூக்கு நுனியும் வெள்ளைத் தோல் உள்ள இடங்களும் வெயில் பட்டு வெந்து உரியும். ஆனால் ரத்தம் இவ்வளவு குறையாது.

தோளுக்கு முன்னால் உள்ள நிணநீர் முடிச்சையும் தொட்டுப் பாருங்கள். கோழிமுட்டை அளவுக்கோ அதற்கு மேலோ வீங்கியிருந்தால், உண்ணி பரப்பும் இன்னொரு நோயான தைலேரியாவைச் சந்தேகிக்க வேண்டும். தாடைக்குக் கீழே நீர் கோத்து வீங்கியிருந்தால் சதுப்பு நில மேய்ச்சலில் பிடித்த ஈரல் தட்டைப்புழுவாக இருக்கலாம்.

பார்த்ததையெல்லாம் நேரத்துடன் எழுதி வையுங்கள்.

4. மருந்துக்கு முன் ரத்தம்

படித்து முடித்து வந்த இளம் மருத்துவர்களும் உதவியாளர்களும் அதிகமாகத் தடுமாறுவது இங்கேதான்.

ஆன்டிபயாடிக் போட்ட பிறகு எடுத்த ரத்தத்தில் கிருமி வேகமாகக் குறைந்துவிடும். அப்புறம் ‘ஒன்றும் இல்லை’ என்ற முடிவு வரும். மாடு தேறாவிட்டால் அடுத்து என்ன கொடுப்பது என்று யாருக்கும் தெரியாது. ரத்தம் எடுக்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

எடுக்க வேண்டியவை இரண்டு: காது நுனியிலிருந்து இரண்டு ஸ்மியர் (கண்ணாடி ஸ்லைடில் மெல்லியதாக இழுத்த ரத்தப் பூச்சு), கழுத்து நரம்பிலிருந்து ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துள்ள குழாயில் இரண்டு, மூன்று மில்லி ரத்தம். காது நுனி ஏன் என்றால், அங்கே நுண்குழாய்களில் பபேசியா பாதித்த அணுக்கள் அதிகம் தங்கும். ஒரே ஸ்மியரில் இரண்டு நோயையும் பார்த்துவிடலாம்.

காதின் முடியைக் கத்தரித்து ஸ்பிரிட்டால் துடைத்து, அது நன்றாகக் காயும் வரை பொறுங்கள். ஈரமான ஸ்பிரிட் ரத்தத்தில் கலந்தால் அணுக்கள் உடையும். ஊசியால் ஓரத்து நரம்பைக் குத்தி, கடுகைவிடக் கொஞ்சம் பெரிய துளி ஒன்றை ஸ்லைடின் ஒரு முனையில் வையுங்கள். பெரிய துளி வைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. ஸ்மியர் தடித்து, அணுமேல் அணு ஏறி, ஓரத்தில் இருக்கும் புள்ளி தெரியாமல் போகும். இன்னொரு ஸ்லைடை 30 முதல் 45 டிகிரி சாய்த்து, துளியைத் தொட்டு, அது விளிம்பெங்கும் ஓடியதும் ஒரே இழுப்பில் தள்ளுங்கள். நடுவில் நிறுத்தக் கூடாது. முனை நாக்குப் போல மெலிந்து முடிந்தால் சரி.

இனி மலைக்கென்றே உள்ள சிக்கல். பனிமூட்டத்தில் ஸ்லைடு காய நேரமாகும். மெதுவாகக் காய்ந்தால் அணுக்கள் சுருங்கி முள்முள்ளாகிவிடும். அதற்குள் எந்தப் புள்ளி கிருமி, எது கோளாறு என்று சொல்ல முடியாது. அடுப்பில் காட்டினால் வெந்துவிடும். நான் செய்வது: ஸ்லைடுகளைச் சட்டைப்பையில் வைத்து முன்பே சூடாக்கிக்கொள்வேன், இழுத்தவுடன் வேகமாக விசிறிக் காயவைப்பேன். ஜீப்புக்குள் ஹீட்டர் காற்று இருந்தால் இன்னும் நல்லது.

காய்ந்ததும் அங்கேயே மெத்தனாலில் ஐந்து நிமிடம் நிலைப்படுத்துங்கள். மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். மூடி தளர்ந்த பாட்டிலை மாதக்கணக்கில் பையில் சுமந்தால், தண்ணீர் கலந்து அணுக்களுக்குள் பளபளக்கும் குமிழிகள் தோன்றும். சிறிய பாட்டிலில் கொஞ்சமாக எடுத்துப் போய், வாரம் ஒருமுறை மாற்றுங்கள். நிலைப்படுத்தாத ஸ்லைடை ஈயும் எறும்பும் தின்றுவிடும் என்பதையும் பார்த்திருக்கிறேன். மாட்டின் பெயரையும் தேதியையும் ஸ்மியரின் தடித்த பக்கத்திலேயே பென்சிலால் எழுதிவிடுங்கள். பேனா மை மெத்தனாலில் கரைந்துவிடும்.

குழாய் ரத்தத்தைக் குளிர்ச்சியாக வையுங்கள், பனிக்கட்டியாக உறைய விடாதீர்கள். அப்படி உறைந்தால் அணு எல்லாம் உடைந்துபோகும்.

5. நுண்ணோக்கியில் என்ன பார்ப்பது, முடிவை எப்படி எடுத்துக்கொள்வது

10 சதவீத ஜீம்சா சாயத்தில் அரை மணி நேரம், பிறகு எண்ணெய் லென்ஸ். சிவப்பணுவின் ஓரத்தில் கருஊதா நிறத்தில் வட்டமான ஒரு புள்ளி இருக்கும். அதைச் சுற்றி வேறு எதுவும் இருக்காது. பபேசியாவானால் பேரிக்காய் வடிவத்தில் இரட்டையாக இருக்கும்.

சாயத்தின் துகளும் இதே போலத் தெரியும். நுண்ணோக்கியைத் தெளிவாக்கும் நுண்குமிழை மெல்லத் திருப்புங்கள்: அணு தெளிவாகத் தெரியும் அதே மட்டத்தில் புள்ளியும் தெளிந்தால் கிருமி, மேலே வேறு மட்டத்தில் மினுங்கினால் தூசி. அணுக்களுக்கு வெளியிலும் அதே புள்ளிகள் சிதறிக் கிடந்தால் சாயத்தை வடிகட்டாமல் ஊற்றியிருக்கிறீர்கள்.

முடிவை இரண்டு விதத்தில் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். முதலாவது, ஆயிரம் அணுவில் ஒன்றிரண்டு புள்ளி தெரிந்ததும் இதுதான் நோய் என்று முடிவு கட்டுவது. ஒருமுறை நோய் வந்து தேறிய மாடு வாழ்நாள் முழுக்கக் கிருமியைச் சுமக்கும். அதற்கு வேறு காரணத்தால் காய்ச்சல் வந்தாலும் ஒன்றிரண்டு புள்ளி தெரியலாம். நோயின் உச்சத்தில் பத்தில் ஒரு அணுவிலிருந்து மூன்றில் ஒன்று வரைகூடப் பாதித்திருக்கும்.

இரண்டாவது இதற்கு நேர் எதிர். மாடு மிகவும் வெளுத்து நிற்கும் நாளில் ஸ்மியர் சுத்தமாக இருக்கும். பாதித்த அணுக்களை மண்ணீரல் ஏற்கெனவே அகற்றிவிட்டதால் அப்படி. அந்தக் கட்டத்தில் ‘நெகட்டிவ்’ என்ற சொல்லைவிட, வெளுத்த கண்ணையும் புதிதாக உருவாகும் பெரிய, நீலம் பாய்ந்த இளம் அணுக்களையும்தான் நம்ப வேண்டும். சந்தேகம் தீராவிட்டால் குழாய் ரத்தத்தைப் பி.சி.ஆருக்கு அனுப்பலாம், முடிவு வரும் வரை சிகிச்சையை நிறுத்தி வைக்கக் கூடாது.

அதே குழாயில் சிவப்பணு விகிதத்தையும், அதாவது பி.சி.வி.யையும், பாருங்கள். நலமான மாட்டுக்கு 24 சதவீதத்துக்கு மேல். இந்த ஒரு எண்தான் அடுத்த இரண்டு படிகளையும் தீர்மானிக்கும்.

6. ஊசி

மருந்தை மருத்துவர்தான் போட வேண்டும். ஆனால் கணக்கு உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும். எடையைத் தப்பாகச் சொல்வது பெரும்பாலும் வீட்டுக்காரர்தான்.

நெஞ்சுச் சுற்றளவை அங்குலத்தில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து இடுப்பெலும்பின் பின்முனை வரையுள்ள நீளத்தால் மறுபடி பெருக்கி, 660ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். சுற்று 66 அங்குலம், நீளம் 54 அங்குலம் என்றால் ஏறக்குறைய 356 கிலோ. கண்மதிப்பில் 250 என்று சொல்லியிருப்பீர்கள்.

வழக்கமான தேர்வு நீண்ட நேரம் வேலை செய்யும் ஆக்சிடெட்ராசைக்ளின், கிலோவுக்கு 20 மில்லிகிராம். ஒரு மில்லியில் 200 மில்லிகிராம் உள்ள மருந்தானால் 10 கிலோவுக்கு ஒரு மில்லி. மேலே சொன்ன மாட்டுக்கு ஏறக்குறைய 36 மில்லி. அதை ஒரே இடத்தில் போடக் கூடாது. ஓரிடத்தில் 10 மில்லிக்கு மேல் போனால் சதை வீங்கிப் புண்ணாகும், மருந்தும் சரியாக ஏறாது. அதனால் நான்கு இடம். தேவைப்பட்டால் மூன்று நாள் கழித்து இன்னொரு முறை.

சாதாரண ஆக்சிடெட்ராசைக்ளினை நரம்பில் போடுவதும் உண்டு. வேகமாகத் தள்ளினால் ரத்தத்திலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு மாடு சரிந்துவிடும். சலைனில் கலந்து சொட்டுச் சொட்டாகத்தான் போக வேண்டும். அவசரத்தில் நின்றபடியே ஏற்றுபவரைப் பார்த்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

பபேசியாவும் கூட இருந்தால் மருத்துவர் இமிடோகார்ப் தேர்ந்தெடுக்கலாம். பென்சிலின் இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. வீட்டில் மீந்திருந்த பென்சிலினைப் போட்டு இரண்டு நாள் கடத்தியவர்களின் மாட்டைத்தான் மிக மோசமான நிலையில் பார்க்க நேர்கிறது.

பாலைச் சொசைட்டிக்கு ஊற்றாதீர்கள். மருந்துச் சீட்டில் எத்தனை நாள் என்று போட்டிருக்கிறதோ அத்தனை நாள். நீண்ட நேர மருந்துக்குப் பெரும்பாலும் ஏழு நாள். சிறு பண்ணைக்கு இது வலிக்கும் இழப்பு என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பாலைக் குழந்தைகள் குடிக்கிறார்கள்.

7. அடுத்த மூன்று வாரம்

ஊசி கிருமியை நிறுத்தும், ரத்தத்தை உண்டாக்காது. காய்ச்சல் இரண்டு, மூன்று நாளில் இறங்கும். கண் சிவக்க மூன்று வாரமோ அதற்கு மேலோ ஆகும். நான்காம் நாளில் மாடு தீனி தின்கிறது என்று மேய்ச்சலுக்கு ஓட்டிப்போய் இழந்தவர்கள் உண்டு. குறைந்தது மூன்று வாரம் கொட்டகையில் கட்டியே தீனி போடுங்கள்.

பசும்புல், ஊறவைத்த புண்ணாக்கு, தாது உப்புக் கலவை, வெதுவெதுப்பான தண்ணீர் போதும். இரவில் குளிர் அதிகமானால் சாக்கைப் போர்த்துங்கள். குளிரில் நடுங்கும் மாடு இருக்கும் ஆக்சிஜனையும் அதிலேயே செலவழிக்கும். மலச்சிக்கலுக்கு எண்ணெயை வாயில் ஊற்றாதீர்கள். சோர்ந்த மாட்டுக்கு அது நுரையீரலுக்குப் போய்விடும்.

பி.சி.வி. 15க்குக் கீழே போய்விட்டால் ரத்தம் ஏற்றுவதைப் பற்றி யோசிக்கலாம். மாட்டுக்கு முதல்முறை ஏற்றும்போது பொருத்தம் பார்க்காமலே பெரும்பாலும் ஏற்றிவிடலாம். ஆனால் கொடுக்கும் மாடு கிருமி சுமக்காததாக இருக்க வேண்டும். மாடு முரண்டு பிடித்தால் நான் ஏற்றுவதில்லை. நாலு பேர் அழுத்திப் பிடிப்பது, ஏற்றும் ரத்தம் தரும் நன்மையைவிடப் பெரிய தீங்கு.

8. மற்ற மாடுகளும் ஒரே ஊசியும்

முதல் மாட்டுக்கு மருந்து போட்ட அன்றே மற்ற எல்லா மாடுகளுக்கும் வெப்பம் பாருங்கள். பிறகு ஒரு மாதம் வரை இரண்டு நாளுக்கு ஒருமுறை. காய்ச்சல் தொடங்கி, கண் வெளுக்கும் முன்பே பிடித்த மாடு அநேகமாகப் பிழைத்துவிடும்.

வயதையும் கவனியுங்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்குப் பெரும்பாலும் ஒன்றும் தெரியாமலே வந்துபோகும். இரண்டு வயதுக்கு மேல் முதல்முறையாக வந்தால்தான் உயிருக்கு ஆபத்து. எனவே அதிகம் கவலைப்பட வேண்டியது கறவையில் உள்ள பெரிய மாடுகளைப் பற்றி.

உண்ணியே இல்லாத கொட்டகையிலும் இந்த நோய் வரும். கடிக்கும் பெரிய மாட்டு ஈக்கள் வாயில் ஒட்டிய ரத்தத்தோடு அடுத்த மாட்டுக்குப் பறந்துவிடும். அதைவிட அதிகமாகப் பரப்புவது நம் கைதான். ஒரு சிற்றூரில் தடுப்பூசி போட்டு ஏறக்குறைய ஒரு மாதம் ஆனபோது, வரிசையாக நான்கு வீடுகளில் மாடு படுத்தது. விசாரித்தால், அன்று எல்லா மாட்டுக்கும் ஒரே ஊசி. முதலில் நின்ற மாடு போன வருடம் நோய் வந்து தேறியது.

மாட்டுக்கு ஒரு ஊசி. கொம்பு தீய்ப்பது, காளைக்குக் காயடிப்பது, காதில் 12 இலக்க வில்லை குத்துவது எதுவானாலும் ஒவ்வொரு மாட்டுக்குப் பிறகும் கருவியைக் கழுவிக் கிருமிநாசினியில் முக்குங்கள். வெளியிலிருந்து யார் வந்தாலும் இதைக் கேட்டு வாங்குங்கள். தேறிய மாட்டை நோட்டில் குறித்து, ஊசி போடும் நாளில் கடைசியாக நிறுத்துங்கள்.

அந்த மாட்டைக் கிருமி முழுக்கப் போகும் வரை மருந்து கொடுத்துச் சுத்தப்படுத்தச் சிலர் கேட்பார்கள். உண்ணி உள்ள இடத்தில் நான் அதைச் செய்வதில்லை. சுமக்கும் வரைதான் அதற்கு எதிர்ப்புச் சக்தி. சுத்தமானால் திரும்ப முதலிலிருந்து நோய் பிடிக்கும்.

9. உண்ணி: மாட்டின் மேல் இருப்பதும் புல்லில் இருப்பதும்

நம் மாடுகளில் அதிகம் காணும் ரிபிசெஃபாலஸ் உண்ணி, கடுகுக்கும் சிறிய குட்டியாக ஏறி, பெரிதாகி, ரத்தம் குடித்து உருண்டு விழும் வரை ஒரே மாட்டின் மேல்தான் இருக்கும். இதற்கு மூன்று வாரம். விழுந்த பெண் உண்ணி புல்லடியில் இரண்டாயிரத்துக்கும் மேல் முட்டை இடும்.

மாட்டின் மேல் நடக்கும் மூன்று வாரம் மலையிலும் சமவெளியிலும் ஒன்றே. மாட்டின் தோல் எங்கும் ஒரே சூடு. ஆனால் புல்லில் நடப்பது மாறுகிறது. சமவெளிக் கோடையில் குட்டிகள் சீக்கிரம் காய்ந்து சாகும். மலையின் குளிர், ஈரத்தில் முட்டை மெல்லப் பொரியும், குட்டிகள் பல மாதம் உயிரோடு காத்திருக்கும். எனவே ‘ஒரு மாதம் மேய்க்காமல் விட்டேன், உண்ணி போயிருக்கும்’ என்ற கணக்கு மலையில் செல்லாது. மாட்டின் மேல் உண்ணி இருப்பது மூன்று வாரமே என்பதால், மருந்து அடிக்கும் இடைவெளி 21 நாளுக்கு மேல் போகக் கூடாது. போனால் ஒரு தலைமுறை விழுந்து முட்டையிட்டிருக்கும்.

தொடங்கும் நேரம் கோடை மழைக்கு முன்னால். உண்ணி குறைவாக இருக்கும்போது எதற்கு மருந்து என்று கேட்பார்கள். அப்போது கொல்லும் ஒவ்வொரு பெண் உண்ணியும் மழைக்குப் பிறகு வரும் ஆயிரக்கணக்கான குட்டிகளைக் குறைக்கிறது.

அடிக்கும் முறை:

காலை பத்து மணிக்கு மேல், வெயில் உள்ள நாளில். மாலையில் நனைத்தால் இரவுக் குளிரில் மாடு விறைக்கும். மழை வந்தால் மருந்து கழுவிப் போகும். முதலில் வயிறு நிறையத் தண்ணீர் காட்டுங்கள், தாகத்தில் உடம்பை நக்காது. 12.5 சதவீத அமிட்ராஸ் என்றால் லிட்டருக்கு 2 மில்லி, 1.25 சதவீத டெல்டாமெத்ரின் என்றாலும் லிட்டருக்கு 2 மில்லி. பாட்டிலின் செறிவைப் படித்துவிட்டுக் கலக்குங்கள். பெரிய மாட்டுக்கு மூன்று லிட்டராவது வேண்டும். மயிரின் போக்குக்கு எதிராக அடித்துத் தோல் வரை நனையுங்கள். காதின் உள்மடல், அலைதாடி, தொடை இடுக்கு, மடியின் பின்புறம், வாலடி: விட்டுப்போகும் இடங்களும் உண்ணி கூடும் இடங்களும் இவையே. காதுக்குத் துணியில் தொட்டுத் துடைக்கலாம். முகமூடி, கையுறை அவசியம். கறந்து முடித்த பிறகு அடித்து, அடுத்த கறவைக்கு முன் மடியைக் கழுவுங்கள்.

ஊட்டியில் சவாரிக் குதிரை வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன்: அமிட்ராஸைக் குதிரைக்குத் தொடக் கூடாது. குடல் அசைவு நின்று செத்துவிடும்.

டெல்டாமெத்ரின் மீனைக் கொல்லும். ஓடையில் மாட்டைக் கழுவுவதும் பாட்டிலை அலசுவதும் வேண்டாம். கீழே அதே தண்ணீரைக் குடிக்கிறார்கள்.

நான்கு நாள் கழித்து மாட்டின் ஒரு பக்கத்தில், பச்சைப்பயறு அளவுக்கு உப்பிய பெண் உண்ணிகளை எண்ணுங்கள். நிறைய இருந்தால், முதலில் கலவையையும் அடித்த விதத்தையும் சந்தேகியுங்கள். அது சரியாக இருந்தால் மருந்து பழகிவிட்டது. அப்போது மாற்ற வேண்டியது மருந்தின் வகையை. டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின், ஃப்ளுமெத்ரின் மூன்றும் ஒரே குடும்பம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் பெயர்தான் மாறும். அமிட்ராஸ் வேறு குடும்பம். ஐவர்மெக்டினைக் கறவை மாட்டுக்குப் போட வேண்டாம், பாலில் பல நாள் வரும். லிட்டருக்கு ஒரு மில்லி என்று சிக்கனம் பிடிப்பது, தாங்கும் உண்ணிகளை மட்டும் பொறுக்கி வளர்ப்பது போலத்தான்.

வேப்பிலை, பூண்டு, வசம்பு, மஞ்சள் அரைத்துத் தடவுவது உண்ணி லேசாக உள்ள காலத்தில் சரி. கூட்டத்தில் ஒரு மாடு படுத்துவிட்ட பிறகு அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

கையால் பிடுங்குகிறவர்கள் நகத்தால் நசுக்காதீர்கள். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் மனிதரைக் கொல்லும் குரங்குக் காய்ச்சலும் உண்ணியால்தான் வருகிறது. கையுறையோடு எடுத்து மண்ணெண்ணெயில் போடுங்கள்.

10. கீழேயிருந்து வாங்கி வரும் மாடு

பொள்ளாச்சிச் சந்தையிலிருந்து வாங்கி வரும் நல்ல மாடு பெரும்பாலும் சிறு வயதிலேயே உண்ணிக்குப் பழகிக் கிருமியைச் சுமப்பதாக இருக்கும். அதற்கு ஒன்றும் ஆகாது. அதன் உண்ணியோ அதைக் குத்திய ஊசியோ உங்கள் மலை மாட்டுக்கு வந்தால்தான் ஆபத்து. உயரமான இடங்களில் உண்ணி குறைவாக இருந்து, பழகாமலே வளர்ந்த பெரிய மாடுகள் பல உண்டு.

மறுபக்கம், உண்ணியே இல்லாத பண்ணையில் சிமெண்ட் தரையில் வளர்ந்த கிடேரியை நேராக மேய்ச்சலில் விட்டால் அதுவே படுத்துவிடும். அப்படிப்பட்டதை டிசம்பர், ஜனவரியில் வாங்குவது நல்லது. அப்போது உறைபனியில் ஈயும் உண்ணியும் குறைவு. கொஞ்சம் கொஞ்சமாகப் பழகும், நீங்களும் கண்காணிக்கலாம்.

எப்படிப்பட்டதானாலும், வண்டியிலிருந்து இறங்கிய அன்றே உண்ணி மருந்து அடித்து, தனிக் கொட்டகையில் 21 நாள் கட்டுங்கள். அங்கே விழுந்ததைக் கூட்டி எரியுங்கள். அந்தச் சாணத்தை மேய்ச்சல் நிலத்தில் போடாதீர்கள். இறங்கிய வாரமே ஒரு ஸ்மியர், கூட்டத்தில் சேர்க்கும் முன் இன்னொன்று. வந்த நாளிலிருந்து அறுபதாவது நாளை நோட்டில் வட்டமிட்டு வையுங்கள். அதுவரை வாரம் இரண்டு முறை, பழைய மாடு, புது மாடு எல்லாவற்றுக்கும் வெப்பம் பாருங்கள்.